பரணில் உட்காரும் கைக்கு எந்த உறை?

கிளவுஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அட்டையில் அச்சடித்திருக்கும் குளிர் எண்ணைத்தான். மைனஸ் 20 தாங்கும், மைனஸ் 30 தாங்கும் என்று போட்டிருக்கும். வேட்டைக்கு அந்த எண் பாதி விஷயம்கூட இல்லை. பரணில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கைக்கு ஒரு தேவை. மான் மரங்களுக்கு நடுவே வந்து நின்றதும் கிடைக்கிற இருபது விநாடியில் அதே கைக்கு வேறொரு தேவை. நான்கு மணி நேரத்தை மட்டும் நினைத்து வாங்கினால், கடைசி இருபது விநாடியில் கை உறைக்குள் மாட்டிக்கொள்ளும். இருபது விநாடியை மட்டும் நினைத்து வாங்கினால், காலை எட்டரைக்கே விரல் விறைத்து இறங்கி வர வேண்டியிருக்கும். ஒரே ஜோடியில் இரண்டும் கிடைக்காது. இதை ஒப்புக்கொண்டால் மீதித் தேர்வு எளிதாகிவிடும்.

கனடாவின் நவம்பர், டிசம்பர் மாத வெள்ளைவால் மான் வேட்டையை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்டாரியோ, மனிடோபா, சஸ்காச்சுவான் பக்கம் துப்பாக்கிப் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, முதல் பருவத்துக்குத் தயாராகும் நம்மவர்களுக்கு உதவும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் பனிப் பிரதேசத்துக்குக் கையுறை தேர்ந்தெடுப்பது எப்படி என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விரல் ஏன் முதலில் விறைக்கிறது

உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயத்தையும் குடலையும் காப்பாற்றுவதற்காக உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலுக்குச் சூடு தருவது அங்கே ஓடும் இரத்தம்தான். விரலில் சூடு உண்டாக்கப் பெரிய தசை எதுவும் இல்லை. அதனால் கை விறைக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கையை அல்ல, நெஞ்சையும் கழுத்தையும். ஒரு தடித்த வெஸ்ட்டும், கழுத்தை மூடும் துணியும், காதை மூடும் தொப்பியும் இல்லாமல் எந்த விலைக்குக் கிளவுஸ் வாங்கினாலும் காசு வீண். பட்டை இறுகிய கைக்கடிகாரம், மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கும் எலாஸ்டிக், பரணேறும் முன் பிடிக்கும் ஒரு சிகரெட் எல்லாமே விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை.

இன்னொரு காரணம் விரலின் வடிவம். விரல் ஒரு மெல்லிய உருளை. அதைச் சுற்றிப் பஞ்சை, அதாவது சூடு காக்கும் உள்நிரப்பை, தடிமனாக்கிக்கொண்டே போனால், சூடு வெளியேறும் வெளிப்பரப்பும் கூடவே பெருகுகிறது. பஞ்சை இரட்டிப்பாக்கினால் சூடு இரட்டிப்பாவதில்லை; விரல் மடங்காமல் போவதுதான் மிச்சம். கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை உள்ள மிட்டனில் மற்ற நான்கு விரலும் ஒரே அறையில் கிடக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு. வெளிப்பரப்பும் குறைவு. அதே பஞ்சு, அதே துணி என்றால் மிட்டன் எப்போதும் கிளவுஸை வெல்லும்.

விரல் தோலின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விரலின் லாவகம் குறையத் தொடங்குகிறது. 8 டிகிரியை ஒட்டித் தொடுவுணர்வே மங்கிவிடுகிறது. டிரிகரில் விரல் பட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாத கை, துப்பாக்கி பிடிக்கத் தகுதியில்லாத கை. இதைச் சௌகரியப் பிரச்சினையாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருபவர்கள் உண்டு. இது பாதுகாப்புப் பிரச்சினை.

குளிர்ந்த விரலில் சில நிமிடம் கழித்துத் தானாகவே ஒரு சூட்டு அலை வந்து போகும். குழாய்கள் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கும் இந்த ஆட்டத்தைத் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930இல் விவரித்தார். அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துவிட்டால் அந்த அலை பலவீனமாகும், வராமலும் போகும்.

ஈரக் குளிர், உலர் குளிர்

நவம்பர் முதல் வாரத்தில் ஒன்டாரியோவின் நடுப்பகுதியில் பெரும்பாலும் இருப்பது பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். தூறல், ஈரப் பனி, இலையிலிருந்து சொட்டும் தண்ணீர். புதியவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மைனஸ் 20 உலர் குளிரைவிட 2 டிகிரி ஈரக் குளிர் கையைச் சீக்கிரம் கொல்லும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பஞ்சுக்குள் இருக்கும் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்த நிமிடமே அது பஞ்சு இல்லை.

இந்தக் குளிருக்குத் தேவை மெல்லிய மழைக்காப்பு மேலுறையும், நனைந்தாலும் ஓரளவு சூடு தரும் கம்பளியோ செயற்கைப் பஞ்சோ உள்ள உள்ளுறையும். டவுன் எனப்படும் இறகுத்தூவி வேண்டாம். ஈரம் பட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும். பருத்தி எந்த இடத்திலும் வேண்டாம். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த கிளவுஸ் நல்லதுதான், ஆனால் சவ்வு உள்ளே தண்ணீர் விடாமல் நின்றாலும் வெளித்துணி ஊறினால் கனமாகிச் சில்லிடும். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதா என்று பருவம் தொடங்கும் முன் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். பரவி ஊறினால் நீர்விலக்கித் தெளிப்பான் அடிக்கும் நேரம் வந்துவிட்டது.

சஸ்காச்சுவான் சமவெளியில் நவம்பர் கடைசிக்கு மைனஸ் 20 சாதாரணம். அங்கே மழைக்காப்பு அவ்வளவு முக்கியமில்லை. காற்றைத் தடுப்பதும் பஞ்சின் கனமும்தான் முக்கியம். மைனஸ் 20இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றடித்தால் காற்றுக்குளிர் எண் மைனஸ் 30. கனடிய வானிலைத் துறையின் அட்டவணைப்படி காற்றுக்குளிர் எண் மைனஸ் 28க்கும் 39க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். வெறுங்கையோடு தோட்டா நிரப்பிக்கொண்டிருக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

மூன்று அடுக்கு

என் தேர்வு இதுதான்: சுடும்போதும் கையை விட்டுக் கழற்றாத ஒரு மெல்லிய உள்ளுறை, அதன்மேல் ஒரே அசைவில் உதறிவிடக்கூடிய தளர்வான பெரிய மிட்டன், நடந்து போகும்போது மட்டும் போட ஒரு சாதாரண வேலை கிளவுஸ்.

உள்ளுறை மெரினோ கம்பளியிலோ பாலிப்ரொபிலினிலோ இருக்கட்டும். கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சியும் சில்லென்று தெரியாது. பாலிப்ரொபிலின் சீக்கிரம் உலரும், தேய்மானமும் குறைவு. இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் தையல். ஆள்காட்டி விரலின் நுனியில், டிரிகர் படும் சதைப் பகுதிக்கு நேராகத் தையல் ஓடினால் அந்த ஜோடி வேண்டாம். விரலை இலேசாக வளைத்து, கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வருடிப் பாருங்கள். ஒரு மேடு தட்டினால், டிரிகர் அழுந்தத் தொடங்கும் இடம் அந்த மேட்டில் ஒளிந்துகொள்ளும். தையல் விரலின் பக்கவாட்டிலோ நகத்தின் மேலேயோ ஏறிப்போகும் உறைதான் சரி. மெல்லிய உள்ளுறைகள் முதலில் ஓட்டையாவதும் இதே விரலில்தான், அதனால் இரண்டு மூன்று ஜோடி வாங்கி வையுங்கள்.

சிலர் வலக்கை உள்ளுறையில் ஆள்காட்டி விரலை முதல் மூட்டு வரை வெட்டிவிடுவார்கள். மைனஸ் 5, 10 வரை சமாளிக்கலாம். வெட்டிய விளிம்பை ஊசிநூலால் மடித்துத் தைக்காவிட்டால் இரண்டே நாளில் இழை பிரிந்து, டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் தொங்கும். மைனஸ் 20க்குக் கீழே இந்த வேலை வேண்டாம். அந்தக் குளிரில் இரும்பு சில விநாடியில் விரலின் உணர்வை எடுத்துவிடும், ஈரமான தோல் என்றால் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

மிட்டனுக்கு வருவோம். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் நூறாண்டுப் பழக்கம் உள்ள ஒரு வடிவம் இருக்கிறது: வெளியே மான்தோல், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய தனிக் கம்பளி மிட்டன். சாப்பர் என்பார்கள், மரவெட்டிகள் போட்டுப் பிரபலமானது. இதைவிட நல்ல பரண் மிட்டன் எனக்குத் தெரியவில்லை. மான்தோல் நனைந்து உலர்ந்த பிறகும் மென்மையாகவே இருக்கும். மாட்டுத்தோல் விறைத்துப் பலகையாகும். உள்ளே இருக்கும் கம்பளியைத் தனியே உருவி இரவில் உலர்த்தலாம். சரசரவென்று சத்தம் வராது. இதற்கும் மேலான சூடு வேண்டுமென்றால் வடக்கே இனுயிட் மக்கள் கரிபு மான் தோலில் தைக்கும் மிட்டன்தான். கரிபுவின் மயிர் உள்ளே காற்று நிறைந்த குழல் போன்றது, அந்தக் காற்றே காப்பு. கடையில் எளிதாகக் கிடைக்கும் பொருள் அல்ல.

செயற்கைப் பஞ்சு வைத்ததை வாங்கினால் அட்டையில் 40, 100, 200 கிராம் என்று போட்டிருப்பார்கள். அது ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. சூட்டின் அளவு அல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பஞ்சுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படும். தின்சுலேட்டின் 100ஐயும் பிரைமாலாஃப்டின் 100ஐயும் எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. புறங்கையில் 200, உள்ளங்கையில் 100 என்று பிரித்து வைப்பதும் உண்டு. பெரிய எண்ணைத்தான் முன்னால் அச்சடிப்பார்கள், அதனால் உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணியைத் தேடிப் படியுங்கள். நடமாட்டம் இருந்தால் 40 போதும். பூஜ்ஜியத்தை ஒட்டி உட்கார 100. மைனஸ் 10 பக்கம் 200. அதற்குக் கீழே கிராமைக் கூட்டுவதை விட்டுவிட்டு மிட்டனுக்கு மாறுங்கள்.

இடக்கையும் வலக்கையும் ஒன்றல்ல

ஜோடியாக விற்பதால் இரண்டு கைக்கும் ஒன்றே போட வேண்டும் என்று கட்டாயமில்லை. வலக்கையால் சுடுபவருக்கு இடக்கையின் வேலை துப்பாக்கியின் முன்கட்டையைத் தாங்குவது மட்டும். அந்தக் கையில் தடித்த மிட்டன் கடைசி வரை இருக்கலாம். உள்ளங்கையில் வழுக்காத தோல் இருந்தால் போதும். சங்கடம் முழுவதும் வலக்கைக்குத்தான். அதற்கு மெல்லிய உள்ளுறை, அதன்மேல் உதறக்கூடிய மிட்டன் அல்லது இடுப்பில் கட்டும் மஃப். இப்படி இடக்கைக்குக் கனமும் வலக்கைக்கு வேகமும் பிரித்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மஃப் என்பது இரண்டு பக்கமும் வாய் திறந்த, உள்ளே ஃபிளீஸ் வைத்த ஒரு குழாய்ப் பை. பெல்ட்டில் மாட்டி வயிற்றின்மேல் வைத்துக்கொள்வது. உள்ளே தானாகச் சூடேறும் ஒரு சூட்டுப் பாக்கெட், கையில் உள்ளுறை மட்டும். கையை வெளியே எடுக்க ஒரு விநாடி, சத்தமே இல்லை, கீழே விழ எதுவும் இல்லை. அசையாமல் உட்காரும் வேட்டைக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் நடக்கும்போது கையை உள்ளே வைக்கக் கூடாது. பனியில் வழுக்கினால் ஊன்றக் கை இருக்காது. பரணேறும்போது பின்பக்கம் சுழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏணிப்படியில் மாட்டும்.

விரல்முனையைத் திறந்து மூடும் வகையும் விற்கிறார்கள். மேல்மூடியை மடக்கிப் புறங்கையில் ஒட்டிவைப்பது. பிடிமானம் வெல்க்ரோவா காந்தமா என்று பாருங்கள். நிசப்தமான காலையில் வெல்க்ரோ பிரியும் சத்தம் மானை மிரள வைத்துவிடும். காந்தமே தேவலை. எதுவானாலும் அந்தத் திறப்பு வழியாகக் காற்று நுழையும்; மைனஸ் 10க்குக் கீழே நம்ப வேண்டாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் தனி அறை, மற்ற மூன்றுக்கும் ஒரே அறை என்று இன்னொரு வடிவம் உண்டு. அமெரிக்க ராணுவம் நெடுங்காலம் கொடுத்துவந்த டிரிகர் மிட்டன். தனியாகக் கிடக்கும் ஆள்காட்டி விரல்தான் அதில் முதலில் விறைக்கும். காத்திருக்கும்போது அந்த விரலைப் பெரிய அறைக்குள் இழுத்துக்கொள்ளலாம், சுடும்போது மட்டும் வெளியே நீட்டலாம். அதற்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

டிரிகர் வளையத்துக்குள் என்ன போகலாம்

தடித்த கிளவுஸோடு விரலை டிரிகர் வளையத்துக்குள் நுழைப்பதுதான் இந்த விஷயத்திலேயே ஆபத்தான பழக்கம். விரலுக்கு டிரிகர் தெரியும் முன்பே பஞ்சு அதை அழுத்தத் தொடங்கிவிடும். வெளியே எடுக்கும்போது உறையின் மடிப்பு டிரிகரை இழுத்துக்கொண்டு வரலாம். வேட்டைத் துப்பாக்கிகளின் டிரிகர் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ அழுத்தத்தை ஒட்டி இருக்கும். அதைவிட இலகுவாகத் திருகி வைத்திருந்தால் இன்னும் மோசம்.

சோதனை வீட்டிலேயே செய்யலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை உறுதிசெய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். உறை போட்ட விரலை வளையத்துக்குள் விட்டு, டிரிகரின் முன்னால் விரலுக்கும் இரும்புக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் அந்த உறை டிரிகர் கைக்கு ஆகாது. பிறகு டிரிகரைப் பூட்டி வைக்கும் சேஃப்டியைத் தள்ளிப் பாருங்கள், தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட்டை இழுத்துப் பாருங்கள், தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி மாட்டுங்கள். சின்னச் சேஃப்டிப் பொத்தான் உள்ள துப்பாக்கிகளில் தடித்த விரல் நழுவும்.

ஆர்க்டிக் பகுதியில் பணிபுரியும் கனடிய ராணுவத்தின் ரேஞ்சர் பிரிவினருக்குப் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட சி-19 துப்பாக்கியில் டிரிகர் வளையத்தையும் போல்ட் குமிழையும் வேண்டுமென்றே பெரிதாக்கியிருக்கிறார்கள், உறை போட்ட கைக்காக. நம் துப்பாக்கியில் அந்த இடம் இல்லையென்றால் உறையைத்தான் மெல்லியதாக்க வேண்டும்.

அதே சோதனையில் நேரத்தையும் பாருங்கள். முழுக் குளிர் உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, மிட்டனை உதறி, துப்பாக்கியைத் தோளில் வைத்து, ஸ்கோப்பில் சுவரின் ஒரு புள்ளியைப் பிடிக்க எத்தனை விநாடி? பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தால் மிட்டன் சிறியது. இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை உருவ முடிந்தால் சரியான தளர்வு. பத்து முறை செய்தால் ஐந்து விநாடிக்குள் வந்துவிடும்.

உதறிய மிட்டன் பரணிலிருந்து கீழே விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. அதனால் கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு வேண்டும். அது நீளமாக இருந்தால் போல்ட்டிலோ டிரிகரிலோ சிக்கும். மிட்டன் இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. கயிற்றைக் கோட்டின் கைக்குள் விட்டு எடுத்தால் சிக்கலே இல்லை, கைகளை விரித்துப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

வில்லில் வேட்டையாடுபவர்களுக்கு ஒரு வரி: இடக்கையின் பருத்த விளிம்பும் கோட்டின் கைப்பகுதியும் நாணில் அடிபடும். முழு உடுப்போடு முன்கூட்டியே எய்து பாருங்கள். குறுக்குவில் என்றால் தடித்த உறையோடு கட்டைவிரல் நாண் ஓடும் தண்டவாளத்துக்கு மேலே எழும்பிவிடக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி நாடாவால் அளங்கள். அங்குலத்தில் வரும் எண்தான் பெரும்பாலும் அளவு: 8 என்றால் நடுத்தரம், 9 பெரியது. மிட்டனுக்கு ஒரு அளவு கூட்டி வாங்குங்கள், உள்ளுறையோடு போட்டுப் பாருங்கள். நடுவிரல் நுனிக்கு அப்பால் அரை சென்டிமீட்டராவது காலி இடம் வேண்டும். முஷ்டி மடக்கினால் முட்டிகளில் இறுக்கக் கூடாது. இறுகிய இடத்தில் பஞ்சு நசுங்கி, காப்பு போய்விடும். கிளவுஸ் சரியில்லாத நேரத்தில் விரல்களை உள்ளங்கைக்கு இழுத்து முஷ்டியாக வைத்துக்கொள்ளவும் அந்த இடம் உதவும்.

பிறகு ஒரு சோதனை, இதைப் பலரும் செய்வதில்லை. உறையைக் கையில் போடாமல், ஒரு கையால் விரல் நுனியை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு உள்துணியின் நுனியைப் பற்றி மெதுவாக இழுங்கள். துணி நுனியிலிருந்து பிரிந்து கூடவே வந்தால், அது உள்ளே தைக்கப்படவில்லை. வியர்த்த கையை வேகமாக உருவும்போது உள்துணி தலைகீழாகப் பிதுங்கி வெளியே வரும். குளிரில் அதை மறுபடி ஐந்து விரலுக்குள் தள்ளி அடைப்பது நடக்காத காரியம். சவ்வு வைத்த மலிவான கிளவுஸ்களில் இது அடிக்கடி காணும் குறை.

மணிக்கட்டில் இரத்தக் குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே இடைவெளி விட்டால் கை முழுதும் குளிரும். கோட்டின் கைக்கு மேலே ஏறி மூடும் நீண்ட விளிம்பு பனி நுழையாமல் காக்கும். கோட்டுக்குள்ளே நுழையும் குட்டை விளிம்பு சீக்கிரம் கழற்ற உதவும். இடக்கைக்கு முதலாவது, வலக்கைக்கு இரண்டாவது நல்லது.

நிறத்திலும் கவனம் வேண்டும். மான் வேட்டையில் வெள்ளைக் கிளவுஸ் போடவே கூடாது. ஓடும் மான் தூக்கிக் காட்டும் வெள்ளை வாலைப் போலவே தூரத்தில் ஆடும் வெள்ளைக் கை தெரியும். ஆரஞ்சு நிறத்தில் வாங்கினால் நல்லது, ஆனால் சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கிக்கும் தொப்பிக்கும் அது பதிலாகாது.

சூட்டுப் பாக்கெட்

உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருப்பிடித்தலில் வருவதே சூடு. அதனால் காற்று இல்லாத இடத்தில் அணைந்துவிடும். இறுக்கமான மழைக்காப்பு மிட்டனுக்குள் போட்டுவிட்டு “பாக்கெட் கெட்டுப்போச்சு” என்பார்கள். வெளியே எடுத்து ஆட்டினால் மறுபடி சூடேறும். பரணேறுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே பாக்கெட்டின் கவரைப் பிரித்துச் சட்டைப் பையில் போடுங்கள். வேட்டை சீக்கிரம் முடிந்தால் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடினால் மறுநாளுக்கு மீதி கிடைக்கும். கல்லைப்போல இறுகியிருந்தால் வேலை முடிந்தது, தூக்கிப் போடலாம். உள்ளங்கையில் வைப்பதைவிடப் புறங்கையிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ, உள்ளுறைக்கு மேலே வையுங்கள். வெறும் தோலில் நேரடியாக வேண்டாம். மரத்துப்போன கைக்குச் சுடுவது தெரியாது.

பேட்டரி கிளவுஸ் வாங்கினால், விறைத்த பிறகு உச்சத்தில் வைப்பதைவிடத் தொடக்கத்திலிருந்தே குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று பேட்டரியை மார்புப் பையில் வையுங்கள்.

வியர்வையும் பிற ஈரமும்

அதிகாலை இருட்டில் பரணுக்கு முக்கால் மணி நேர நடை. தடித்த மிட்டனைப் போட்டுக்கொண்டு நடந்தால் போய்ச் சேரும்போது உள்ளே ஈரம். உட்கார்ந்த அரை மணியில் அந்த ஈரம் குளிராகத் திரும்பும். நடக்கும்போது வேலை கிளவுஸ் மட்டும், கை கொஞ்சம் சில்லென்றே இருக்கட்டும். மிட்டன் கோட்டுக்குள், நெஞ்சோடு. ஏணியில் ஏறவும் பிடிமானமுள்ள கிளவுஸ்தான். தோட்டாவை வெளியே எடுத்துவிட்ட துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுங்கள். உட்கார்ந்ததும் உள்ளுறையை மாற்றி உலர்ந்த ஜோடியைப் போடுங்கள். துப்பாக்கியைக் கையில் பற்றிக்கொண்டே இருக்காமல் மடியிலோ கம்பியிலோ சாய்த்து வையுங்கள், குழல் கையின் சூட்டை உறிஞ்சும்.

மான் விழுந்த பிறகு வயிற்றைக் கீறும் வேலைக்கு மெல்லிய கம்பளி உள்ளுறை, அதன்மேல் ஒரு அளவு பெரிய நைட்ரில் கிளவுஸ். இரத்தத்தில் நனைந்த கம்பளியோடு வண்டி வரை நடப்பதைத் தவிர்க்க இது ஒன்றே வழி. பனிவண்டிக்கு எண்ணெய் ஊற்றும்போதும் நைட்ரில் அவசியம். பெட்ரோல் மைனஸ் 30இலும் உறையாமல் திரவமாகவே இருக்கும். கையில் தெறித்தால் அந்தக் குளிரோடு ஆவியாகும் குளிரும் சேர்ந்து உடனே தோலைக் கருக்கும்.

விரல் நுனி வெள்ளையாக, மெழுகுபோல ஆனாலோ, வலித்துக்கொண்டிருந்த விரலில் வலி திடீரென்று நின்றுபோனாலோ உடனே துப்பாக்கியைக் காலிசெய்து, கையைக் கக்கத்தில் வையுங்கள். பனியால் தேய்க்காதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். தோல் கெட்டியாகிவிட்டிருந்தால் மருத்துவ உதவி வேண்டும். மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் கையை அமிழ்த்தலாம்.

இரவில் முகாமில் மிட்டனை அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். தோல் சுருங்கி, முட்டிப் பகுதியில் வெடிக்கும். உள் கம்பளியை உருவி, தோலைத் தனியாக, கை வைத்தால் இளஞ்சூடு மட்டும் தெரியும் தூரத்தில் வாய் கீழாக மாட்டுங்கள். உலர்ந்த தோலில் தேன்மெழுகு பூசலாம், தையல் ஓரங்களில் கொஞ்சம் கூடுதலாக. ஈரமான உள்ளுறையை உள்சட்டைக்குள் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் உலர்ந்திருக்கும்.